பிரேக் போட்டால் இடது பக்கம் இழுக்கிறதா? வலது சக்கரத்தைக் கழற்றச் சொல்லுங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒன்பது வருடமான சின்ன கார். பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கிறது, காலை எடுத்ததும் நேராகிவிடுகிறது. இரண்டு முறை வீல் அலைன்மென்ட் பார்த்தும் போகவில்லை. தெரிந்தவர் ஒருவர், "இடது பக்க காலிப்பர் போச்சு, ரெண்டு பக்கமும் புதுசு போடணும், நானே புதுச்சேரியில் கம்மி விலைக்கு வாங்கித் தரேன்" என்று முன்பணம் கேட்கிறாராம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் ஐயா. காலிப்பர் என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டைக் கவ்விப் பிடிக்கிற பாகம். அவர் இன்னும் சக்கரத்தையே கழற்றிப் பார்க்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்று இன்னொன்று நடந்தால், வண்டி நின்ற மாட்டின் பக்கம்தான் திரும்பும். பிரேக்கும் அப்படித்தான். உங்கள் காரில் இடது பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறது, வலது பிடிக்கவில்லை. இடது பிரேக் பிடித்தபடியே நின்றுவிட்டாலும் இழுக்கும். ஆனால் அப்போது காலை எடுத்த பிறகும் இழுப்பு போகாது, ஓடி வந்த பிறகு அந்த ஒரு சக்கரம் மட்டும் அனலடிக்கும். உங்களுக்கு அப்படி இல்லை. ஆகவே பார்க்க வேண்டியது வலது முன் சக்கரம். உங்கள் ஆள் நல்ல பக்கத்தைக் காட்டிக் காசு கேட்கிறார்.

அலைன்மென்ட் என்பது பிரேக் போடாமலே ஒதுங்கிப் போகிற வண்டிக்கு. பிரேக் மிதித்தால் மட்டும் இழுக்கிற வண்டிக்கு அது மருந்தில்லை. கம்ப்யூட்டர் சீட்டில் எல்லாம் பச்சையாக வந்திருக்கும், பணமும் போயிருக்கும். மூன்றாவது முறை போகாதீர்கள்.

முதலில் முன் டயர் இரண்டிலும், வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, காற்று சமமாக இருக்கிறதா பாருங்கள். எவ்வளவு என்பது டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும். சரியாக இருந்தால் அடுத்தது, சக்கரத்தைக் கழற்ற வேண்டியதுதான்.

நம் கடலோரத்தில் வழக்கமான குற்றவாளி காலிப்பரின் ஸ்லைடு பின். விரல் தடிமன் உள்ள இரண்டு இரும்புக் கம்பிகள். காலிப்பர் இவற்றின் மேல் நகர்ந்தால்தான் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும். உப்புக் காற்றும் வெள்ளமும் இதற்கு எமன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, பின்னாலேயே தென்பெண்ணை பெருகியதே, அதற்குப் பிறகு தண்ணீரில் நின்ற வண்டி ஒன்றைக் கழற்றினேன். பின்னை மூடும் ரப்பர் கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடி போலத் துரு. சுத்தியலால் தட்டித்தான் பின் வெளியே வந்தது. டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேடுகளில் உள் பக்க பேட் இரும்புவரை தேய்ந்திருந்தது, வெளிப் பக்க பேட் பாதிகூடத் தேயவில்லை. உங்கள் வண்டியிலும் இரண்டு பேடையும் அருகருகே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இந்த வித்தியாசத்தைப் பார்க்கப் படிப்பு தேவையில்லை.

ஸ்லைடு பின் மட்டும்தான் கோளாறு என்றால் துருவை நீக்கி, புது ரப்பர் மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். பேரிங் கிரீஸைத் தடவ விடாதீர்கள், ரப்பர் உப்பி, ஸ்லைடு பின் மறுபடி சிக்கிக்கொள்ளும். பேட் எண்ணெய் குடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் பயனில்லை. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

ஸ்லைடு பின் சுலபமாக நகர்கிறது, பேடும் சமமாகத் தேய்ந்திருக்கிறது, ஆனாலும் இழுக்கிறது என்றால்? இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். காலிப்பருக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் வயதானால் உள்ளுக்குள் உப்பி அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். மிதித்ததும் அந்தப் பக்கம் அழுத்தம் தாமதமாகப் போகும், காலை எடுத்தாலும் ஆயில் சட்டென்று திரும்பாது. அதனால் மிதிக்கும்போது ஒரு பக்கமும் விட்டதும் ஒரு கணம் மறுபக்கமும் இழுக்கும். சோதனை எளிது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஒருவர் பிரேக்கை அழுத்திவிட்டுக் காலை எடுக்கட்டும். சக்கரம் இறுக்கமாகவே நின்றால் மெக்கானிக் காலிப்பரில் ஆயிலை வெளியே விடுவதற்கென்று உள்ள ப்ளீடிங் நிப்பிளைத் திறக்கட்டும். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால் அடைப்பு ஹோஸில். அப்போதும் விடுபடாவிட்டால்தான் காலிப்பர். நிப்பிளைத் திறந்து பார்க்காமலே காலிப்பரை மாற்றி, பிறகும் இழுக்கிறதே என்று வந்தவர்கள் எத்தனையோ பேர். ஹோஸின் விலை காலிப்பர் விலையில் சிறு பங்கு.

காலிப்பரேதான் போய்விட்டது என்றாலும் நடுவில் ஆள் வேண்டாம். கம்பெனிப் பெட்டி மாதிரியே அச்சடித்த பெட்டியில் போலிச் சரக்கு வருகிறது, பிரேக்கில் அது உயிர்ப் பிரச்சினை. கடையில் நீங்களே நின்று, பார்ட் நம்பர் போட்ட பில்லோடு வாங்குங்கள். கழற்றிய பழையதைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கமிஷன் ஆள் பில்லும் தரமாட்டார், பழையதையும் காட்டமாட்டார்.

இதில் அரசாங்கத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. சொந்தக் காருக்குப் புகைச் சான்றிதழ் இல்லையென்றால் அபராதம். ஆனால் பதிவு முடிகிற 15 வருடம்வரை அதன் பிரேக்கை யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சக்கரத்தையும் உருளையில் ஓடவிட்டு, எது எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்கும் இயந்திரம் இருக்கிறது. அதில் ஏற்றியிருந்தால் உங்கள் வலது சக்கரம் என்றோ மாட்டியிருக்கும்.

சரி செய்யும்வரை காரை வீட்டிலேயே நிறுத்துங்கள். தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி போகிற சாலையில் உங்கள் இடது பக்கம் வருவது சைக்கிளும் டூவீலரும்தான். வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கைப் பலமுறை அழுத்தி, பெடல் கெட்டியாகிறதா பாருங்கள். பிறகு ஆளில்லாத நேரான சாலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில், ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்து பிரேக் போட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.