இணையதளத்தில் சொன்னது இலைக்கு வருமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பேத்தியின் காதுகுத்துக்கு 60 பேருக்குச் சாப்பாடு சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்த உணவக இணையதளத்தில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’, ‘மாவட்டத்தின் நம்பர் 1’, ‘விருது பெற்ற சுவை’, ‘1965 முதல்’ என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: நீங்கள் வீட்டில் உட்கார்ந்தபடியே சரிபார்க்கக்கூடியது முதலாவது மட்டும்தான். ‘அரசு அங்கீகாரம்’ என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) உரிமத்தை. அது தரத்துக்குக் கிடைத்த பாராட்டு அல்ல. உணவுத் தொழில் செய்யும் எல்லோரும் சட்டப்படி வாங்க வேண்டியது. தள்ளுவண்டிக்காரரும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

உரிம எண்ணுக்கு 14 இலக்கம். 1-ல் தொடங்கினால் உரிமம், 2-ல் தொடங்கினால் சிறு வியாபாரிகளுக்கான பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும்: தமிழ்நாட்டுக்கு 24, கர்நாடகத்துக்கு 12. அதற்கடுத்த இரண்டும் உரிமம் கொடுத்த ஆண்டு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் இந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பெயர், முகவரி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். பெரும்பாலும் முகவரியில்தான் இடிக்கும். சமைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தனி உரிமம் வேண்டும். பெங்களூருவில் தலைமைக் கடை வைத்திருப்பவர் ஓசூர் கிளையின் பக்கத்திலும் 112 என்று தொடங்கும் எண்ணையே போட்டிருந்தால், அது ஓசூர் சமையலறையின் எண் அல்ல. இணையதளத்தில் எண்ணே இல்லையா? கடையின் பழைய பில் ஒன்றைக் கேளுங்கள். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

‘1965 முதல்’ என்பதை இந்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த உரிம முறையே 2011 ஆகஸ்டில்தான் வந்தது. கைமாறிய பழைய கடையும் புது உரிமம்தான் வாங்கியிருக்கும்.

‘நம்பர் 1’ என்பதை அளக்க வழியில்லை, விட்டுவிடுங்கள். விருது என்றால் கொடுத்தது யார், எந்த ஆண்டு, எந்தப் பிரிவில் என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த விருதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பணம் கட்டியவருக்கெல்லாம் கேடயம் கொடுக்கும் அமைப்புகள் உண்டு.

கேள்வி: தொப்பூர் பக்கம் நெடுஞ்சாலை உணவகம் ஒன்று ‘தினமும் ஒகேனக்கல் ஆற்று மீன்’, ‘நாட்டுக்கோழி மட்டுமே’, ‘செக்கு எண்ணெய்ச் சமையல்’ என்று விளம்பரம் செய்கிறது. உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், தருமபுரி

பதில்: மீனின் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கட்லாவும் ரோகுவும் காவிரியிலும் கிடைக்கின்றன, பண்ணைக் குட்டையிலும் வளர்கின்றன. ‘தினமும்’ என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்து ஒகேனக்கல்லில் வெள்ளம் போகும் நாட்களில் பரிசலும் ஓடாது, மீன்பிடிப்பும் முடங்கிவிடும். அப்படி ஒரு நாளில் போன் போட்டு, “இன்னைக்கு என்ன மீன் வந்திருக்குங்க? எங்கேருந்து வந்துச்சு?” என்று கேளுங்கள். ஆற்றை நம்பிக் கடை நடத்துகிறவர், “இன்னைக்கு வரத்து இல்லீங்க” என்று தயங்காமல் சொல்வார். வெள்ளத்திலும் அதே மீன், அதே விலை என்றால் அது குட்டை மீனோ ஐஸ் பெட்டி மீனோதான்.

கோழிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பிராய்லர் சுமார் 40 நாளில் 2 கிலோ வந்துவிடும். நாட்டுக்கோழி ஒன்றரை கிலோவைத் தொட ஐந்தாறு மாதமாகும், அதனால்தான் அந்த விலை. உயிரெடையில் மூன்றில் இரண்டு பங்குதான் கறியாகத் தேறும். தட்டில் 200 கிராம் கறி வைக்க வேண்டுமானால் 300 கிராம் உயிர்க்கோழி வேண்டும். அன்றைய சந்தை விலையில் 300 கிராமுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். தட்டின் விலை அதைவிடக் குறைவாகவோ அதை ஒட்டியோ இருந்தால், மசாலா, அடுப்பு, ஆள் கூலி எல்லாம் எங்கிருந்து வரும்? வேறு கோழி என்றுதான் அர்த்தம். பண்ணையில் வளர்த்த கலப்பினக் கோழியை நாட்டுக்கோழி என்று விற்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. சாப்பிடும்போது காலெலும்பைக் கவனியுங்கள். பிராய்லரில் எலும்பின் முனை மெத்தென்று பல்லுக்கு நொறுங்கும். முற்றிய நாட்டுக்கோழியில் எலும்பு மெலிந்து கெட்டியாக இருக்கும், கறியும் எளிதில் கழன்று வராது. குக்கரில் அதிகம் வேகவைத்திருந்தால் கறியை வைத்துச் சொல்ல முடியாது. எலும்பைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு லிட்டர் செக்குக் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அதில் வடையும் பொரிப்பது எந்தக் கடைக்கும் பெரிய செலவு. “தாளிக்க மட்டுமா, பொரிக்கவும் அதேதானா?” என்று கேளுங்கள். பொரிக்கும் சட்டியில் எண்ணெய் கறுத்துக் கெட்டியாகி நுரை கட்டி நின்றால், எந்த எண்ணெயாக இருந்தாலும் வேண்டாம். பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது உண்டாகிறவை) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் விதி.

கேள்வி: ‘சர்க்கரையைக் குணப்படுத்தும் ராகிக் களி’ என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: வியாதியைக் குணப்படுத்தும் என்று ஓர் உணவை விளம்பரம் செய்ய அனுமதியே கிடையாது. அந்த வரியைப் போட்டவர்கள் மற்றதை எவ்வளவு பொறுப்போடு எழுதியிருப்பார்கள் என்று யோசியுங்கள். ராகியில் சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல். அதே 100 கிராமில் மாவுச்சத்தும் கிட்டத்தட்ட 70 கிராம் இருக்கிறது. நம் பக்கத்துக் களியில் அரிசி நொய்யும் சேரும். தப்பில்லை, காலங்காலமாக அப்படித்தான் கிண்டுகிறோம். ஆனால் ‘100 சதவீதம் ராகி’ என்று போட்டிருந்தால் நொய் சேர்க்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். உருண்டையின் அளவை அப்பாவின் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ‘ஆண்டு முழுவதும் ஃப்ரெஷ் மாம்பழ ஜூஸ்’ சாத்தியமா?
– வாசகர், பர்கூர்

பதில்: உங்கள் ஊரைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளே பதில். ஏப்ரல் முதல் ஜூலை வரை பழம். டிசம்பரில் டப்பாக் கூழ். கூழில் குறையில்லை. பதப்படுத்தியதை ‘ஃப்ரெஷ்’ என்று சொல்வதுதான் விதிக்கு மாறானது.

கேள்வி: கூகுளில் 4.8 ஸ்டார் என்று இணையதளத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். போனால் சாப்பாடு சுமார்தான். ஏன்?
– வாசகர், ஓசூர்

பதில்: சராசரியைப் பார்க்காதீர்கள். ‘புதியவை முதலில்’ என்று வரிசைப்படுத்தி, மூன்று ஸ்டார் போட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள்; நிறை, குறை இரண்டையும் சொல்கிறவர்கள் அவர்கள்தான். ஒரே வாரத்தில் ஐந்து ஸ்டார்கள் குவிந்திருப்பது, எழுதியவருக்கு அது ஒன்றே விமர்சனமாக இருப்பது, கடைப் பெயரும் ஊர்ப் பெயரும் முழுசாக ஒவ்வொரு வரியிலும் வருவது, இவை வாங்கிய விமர்சனத்தின் அடையாளம். ‘ஐந்து ஸ்டார் போட்டால் ஐஸ்கிரீம் இலவசம்’ என்று மேஜையில் அட்டை வைக்கும் கடைகளும் உண்டு. இணையதளத்துப் படங்களை, படத்தை வைத்தே தேடித் தரும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். அதே பிரியாணி வேறு ஊர்க் கடைகளின் பெயரிலும் வந்தால், அது இரவல் படம். வாடிக்கையாளர்கள் ஏற்றிய படங்களில் தெரியும் தட்டுதான் உங்கள் மேஜைக்கு வரும்.

கேள்வி: பொய் விளம்பரம் என்று தெரிந்தால் எங்கே புகார் செய்வது?
– வாசகர், ஊத்தங்கரை

பதில்: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உணவின் தரம், உரிமம் பற்றியது என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகம். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 53-ன் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். புகார் கொடுப்பதற்கு முன் அந்த இணையப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள். புகார் போனது தெரிந்த அன்றே அந்த வரி பக்கத்திலிருந்து காணாமல் போய்விடலாம்.