மருந்துக்கடையில் இருந்தவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சீர்திருத்தப் பள்ளிகளில் அடைக்கப்படும் பெண்களைப் பற்றிய பழைய படங்களைத் தேடிப் பார்த்து வருகிறேன். பாப்ஸ்ட் 1929இல் எடுத்த ‘ஒரு தொலைந்த பெண்ணின் நாட்குறிப்பு’ என்ற ஜெர்மன் மௌனப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டேன். பெண்களை வரிசையாக நிற்கவைத்து உடற்பயிற்சி செய்யச் சொல்லும் இடத்தில் எனக்குக் கூசிவிட்டது. குற்றம் செய்த பெண்கள் மேல் இரக்கம் என்று சொல்லிக்கொண்டு அவர்களை வேடிக்கைதானே பார்க்கிறோம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கூசத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தை இன்னொரு முறை பாருங்கள். சீர்திருத்தப் பள்ளித் தலைவரின் மனைவி தாளம் தட்டுகிறாள். பெண்கள் சூப் குடிப்பதும் அந்தத் தாளத்துக்குத்தான், கையைக் காலை அசைப்பதும் அந்தத் தாளத்துக்குத்தான். தட்டத் தட்ட அவள் முகம் கிறங்கிப்போகிறது. நடித்தவர் வலெஸ்கா கெர்ட், பெர்லின் மேடைகளில் பேர்பெற்ற நடனக் கலைஞர். ஒரு வார்த்தை பேசாமல் அந்த முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஒழுக்கம் கற்பிக்கிறேன் என்பவளுக்கு அதில் கிடைக்கும் சுகத்தை பாப்ஸ்ட் நம் கண்முன் வைக்கிறார். உங்களுக்கு வந்த கூச்சம் அவர் வேண்டுமென்றே வரவழைத்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் ‘குற்றம் செய்த பெண்கள்’ என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. படத்தின் நாயகி தீமியான் என்ன செய்தாள்? அப்பாவின் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மைனர்ட், மயங்கிக் கிடந்தவளிடம் அத்துமீறுகிறான். குழந்தை பிறக்கிறது. சொந்தக்காரர்கள் கூடி அவளுடைய டைரியைப் படித்துத் தகப்பன் யாரென்று தெரிந்துகொள்கிறார்கள். அவனையே கட்டிக்கொள் என்கிறார்கள். அவன் மேல் எனக்கு அன்பில்லை, மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான். குழந்தை மருத்துவச்சியிடம் போகிறது, இவள் சீர்திருத்தப் பள்ளிக்குப் போகிறாள். அவன் கடையிலேயே இருக்கிறான். அப்பா இறந்த பிறகு அந்தக் கடையே அவனுடையதாகிறது.

1957இல் அமெரிக்காவில் ‘ரிஃபார்ம் ஸ்கூல் கேர்ள்’ என்று ஒரு படம் வந்தது. மலிவாக எடுத்து, பதின்வயதுக் கூட்டத்தை நம்பி வெளியிட்ட படம். வேடிக்கை என்று நீங்கள் சொல்வது அந்த வகைப் படங்களுக்குப் பொருந்தும். ஆனால் அதிலும் கதை இதுதான்: திருட்டுக் காரை ஓட்டி ஓர் ஆளைக் கொன்றவன் வெளியே. அவன் பெயரைச் சொல்லாத பெண் உள்ளே. பாப்ஸ்ட்டின் பக்கத்தில் வைக்கவே முடியாத படம்தான், ஆனாலும் அந்த ஓர் உண்மையை அதனாலும் தவிர்க்க முடியவில்லை.

சரி, நீங்கள் பாதியில் நிறுத்திய படத்தின் முடிவை இங்கே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தீமியான் வசதியான சீமாட்டியாக, ‘வழிதவறும்’ பெண்களைக் காக்கும் சங்கத்தின் உறுப்பினராக, அதே பள்ளிக்கு வருகிறாள். திருத்தவே முடியாதவள் என்று சொல்லி ஒருத்தியை இழுத்து வந்து நிறுத்துகிறார்கள். அவள் எரிகா. தீமியானோடு அங்கிருந்து தப்பி ஓடிய தோழி. சங்கத்துச் சீமாட்டிகளின் நடுவில் தீமியான் எழுந்து, நானும் இங்கே இருந்தவள்தான் என்கிறாள். தீமியானாக நடித்த லூயிஸ் ப்ரூக்ஸின் முகத்தை அந்த இடத்தில் பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.