குடிநோய் சிகிச்சைக்கு ஒரு மாதம் லீவு போட்டால் மில் வேலை போய்விடுமா?

சேலத்தில் ஸ்பின்னிங் மில்லில் இருக்கும் அண்ணனைக் குடிநோய் சிகிச்சைக்குச் சேர்த்தால் வேலையும் சம்பளமும் என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் டாக்டர் சீட்டு, பிறகு லீவு. இந்த வரிசை மாறினால் வேலைக்கு ஆபத்து.

மாதச் சம்பளம் 21,000க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்க வேண்டும், சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா பாருங்கள். பிடித்திருந்தால் நேராகத் தனியார் மையத்துக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி டாக்டரிடம் காட்டி மேல்சிகிச்சைக்கு எழுதி வாங்குங்கள். வெளிச் சான்றிதழை நீட்டினால் பணத்துக்கு இழுபறிதான். முறையான சான்று இருந்தால், லீவு நாளுக்குச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதத்தை ஈ.எஸ்.ஐ. தரும், வருடத்துக்கு 91 நாள் வரை. முதல் 2 நாளுக்குக் கிடையாது. கூலி 600 என்றால் நாளுக்கு 420. 30 நாள் சிகிச்சைக்கு 28 நாள் கணக்கில் 11,760 ரூபாய்.

மாட்டிக்கொள்ளும் இடம் 78 நாள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 78 நாளுக்குச் சந்தா விழுந்திருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பணம். அக்டோபர்-மார்ச் சந்தாவுக்கு ஜூலை-டிசம்பர். வாரம் 3 நாள் வேலைக்குப் போனவர் ஆறு மாதத்தில் தட்டுத்தடுமாறி 78ஐத் தொடுவார். அதற்கும் கீழே போனவருக்கு, அதாவது யாருக்கு இது ரொம்பத் தேவையோ அவருக்கு, ஒன்றும் வராது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் பீஸ் கணக்கில் கொலுசு செய்பவருக்குப் பெரும்பாலும் இந்தப் பேச்சே இல்லை.

லீவு லெட்டரில் குடி என்று எழுதத் தேவையில்லை, ‘மருத்துவ சிகிச்சை’ போதும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோயில் சேர்க்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கும் உரிமையும் தருகிறது.

‘சட்டம் பேசிச் சோறு போடுமா’ என்று கீழே கமெண்ட் வரும். வரட்டும், அதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் போதையிலிருந்து மீண்டு வருபவரை வைத்து 500 மணி நேரமாவது வேலை வாங்கும் முதலாளிக்கு, தகுதி இருந்தால், ஆளுக்கு 2,000 டாலர் வரை வரிச்சலுகை உண்டு. நம்மூர் முதலாளிக்கு அப்படி ஒரு தூண்டில் இல்லை. பிறகு எவர் திரும்ப எடுப்பார்?

சேர்க்கும்வரை வீட்டில் வைத்துத் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். தினமும் குடித்தவருக்கு முதல் 2 நாளில் வலிப்பு, அதையடுத்துப் பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. கைநடுக்கம் கண்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே சேர்ப்பது என்று கேட்க 14446.

திரும்பியதும் நைட் ஷிப்ட் வேண்டாம், தூக்கம் கெட்டால் கை தானாகப் பாட்டிலுக்குப் போகும். பகல் ஷிப்டிலும் ஒரு சிக்கல்: டாஸ்மாக் திறப்பது 12 மணிக்கு, சாப்பாட்டு நேரமும் அதை ஒட்டித்தான். சோற்றைத் தூக்குவாளியில் கட்டிக் கொடுத்துவிடுங்கள், கேட்டைத் தாண்ட வேலை இருக்காது.