ஆள் கணக்குக்கு ஆடுகிறவள்

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநர்)

கேள்வி: என் மகள் பக்கத்து ஊர்க் கலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. வாலிபால் அணியில் இருக்கிறாள். சென்ற பருவத்தில் இரண்டு தாள்கள் அரியர். விளையாட்டை விட்டுவிடச் சொல்கிறார் அவள் அப்பா. இவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன செய்வது, ஐயா?
ஒரு தாய், அரியலூர் மாவட்டம்

பதில்: முதலில் சாப்பிடச் சொல்லுங்கள், அம்மா. பிறகு சென்ற பருவத்தில் எந்தெந்த நாள் வகுப்புக்குப் போகவில்லை, எதற்காகப் போகவில்லை என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பாதி நாள்கூட வாலிபாலுக்காகப் போயிருக்காது.

சின்னக் கல்லூரிகளின் சங்கதி எனக்குத் தெரியும். 31 ஆண்டுகள் அங்கேதான் விசில் ஊதினேன். மைதானத்துக்கு வருகிற பெண்கள் மொத்தம் பத்துப் பேர் தேறினால் அதிகம். வாலிபாலும் அவர்கள்தான், கபடியும் அவர்கள்தான், தொடர் ஓட்டமும் அவர்கள்தான். கோ-கோவுக்குக் களத்தில் ஒன்பது பேர் வேண்டும். “ஆள் கணக்குக்கு நீயும் வாம்மா” என்பார் இயக்குநர். பெண் மறுக்கமாட்டாள். கோப்பை வந்தால் முதல்வர் அறைக்குப் போகும். அரியர் பெண்ணின் வீட்டுக்கு வரும்.

நானும் இந்தப் பாவத்தைச் செய்தவன்தான். ஒரு வருடம் கோ-கோ போட்டித் தேதியைப் பார்த்தேனே தவிர, அக மதிப்பீட்டுத் தேர்வுத் தேதியைப் பார்க்கவில்லை. அணியை வேனில் ஏற்றிவிட்டேன். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினோம். மறுநாள் கணக்கியல் பேராசிரியை மதிப்பெண் பட்டியலை என் மேசையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். வரிசையாக நான்கு பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் பூஜ்யம். நால்வரும் ஆள் கணக்குக்கு வந்தவர்கள்.

ஆகவே வாலிபாலை விட வேண்டாம், மற்றதையெல்லாம் விடட்டும். இயக்குநர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அப்புறம் சரியாகிவிடுவார், எங்கள் இனம் அப்படி.

இன்னொன்று, இந்த ஓ.டி. கடிதம், அதாவது கல்லூரிக்காக ஆடப் போனாள், வருகை கொடுங்கள் என்று கேட்கும் கடிதம். அது வருகைப் பதிவேட்டில் 75 விழுக்காட்டைக் காப்பாற்றும், பாடத்தைக் கொண்டுவந்து தராது. அதிலும் பி.காம். கணக்கு சங்கிலி மாதிரி. பங்கு வெளியீடு நடத்திய அன்று இல்லாதவளுக்குப் பங்கு ஒறுப்பிழப்பு (பணம் கட்டாதவரின் பங்கைப் பறிப்பது) நடத்தும் அன்று தலையும் புரியாது, வாலும் புரியாது. அவளுக்கு அரியர் விழுந்த தாள்களைப் பாருங்கள், ஒன்றாவது கணக்குத் தாளாக இருக்கும். போட்டிக்குப் போகும்போது தியரிப் புத்தகத்தை எடுத்துப் போகட்டும். கணக்கு நோட்டு வேண்டாம், வேன் குலுக்குகிற குலுக்கலில் கோடுகூடப் போட முடியாது. திரும்பி வந்த அன்றைக்கே, கால் வலித்தாலும், தோழியின் நோட்டைப் பார்த்து விட்டுப்போன கணக்குகளைப் போட்டுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கத்தான் சரியாக இருக்கும்.

அவள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக் கோப்பைகளுக்கு மதிப்பில்லை. பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினால் கிடைக்கிற மூன்றாம் படிவம் என்ற சான்றிதழ்தான் அங்கே பேசும். அது நான்கு ஆட்டத்தில் கால் வைப்பவளுக்குக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், பட்டம் கேட்கிற பதவிகளுக்கு அரியரோடு விண்ணப்பிக்க முடியாது. அரியரை முடிக்க அவளுக்கு இந்த ஒரு பருவம் கொடுங்கள். அதுவரை பந்தை ஒளித்து வைக்காதீர்கள்.

கேள்வி: போட்டிக்குப் போன மாணவருக்கு மட்டும் அக மதிப்பீட்டுத் தேர்வை மறுபடி வைப்பது மற்ற மாணவருக்கு அநீதி இல்லையா?
ஒரு கல்லூரி ஆசிரியர், தேனி

பதில்: வேறு வினாத்தாள் கொடுங்கள், அநீதி போய்விடும். ஆனால் ஓ.டி. கடிதம் போட்டிக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். போட்டி முடிந்து பத்து நாள் கழித்துக் கசங்கிய கடிதத்தை நீட்டுகிறவனை என்னிடம் அனுப்புங்கள். மைதானத்தை எட்டுச் சுற்றுச் சுற்றிவிட்டு வரட்டும், பிறகு பேசலாம்.