வக்கீலுக்கு முன்னால் ஃபைல்

சகோதரி, வயிற்றில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியும் சிசேரியனுக்கு மூன்று மணி நேரம் தாமதித்தார்கள், இப்போது இரண்டு வயதில் செரிபிரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் வரும் உடல் அசைவுக் குறைபாடு என்கிறார்கள், எந்த வக்கீலைப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். வக்கீல் அப்புறம், முதலில் மருத்துவமனை ஃபைலை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. பிரசவ அறைக் குறிப்புகள், சிடிஜி என்கிற இதயத்துடிப்பு வரைபடம், பிறந்தவுடன் குழந்தையின் நிலையைப் பார்த்துப் போடும் அப்கார் மதிப்பெண், தொப்புள்கொடி ரத்தப் பரிசோதனை எடுத்திருந்தால் அது, பச்சிளம் குழந்தைப் பிரிவின் பதிவுகள், எம்ஆர்ஐ, எல்லாவற்றின் நகலையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள், கேட்ட கடிதத்தின் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன், செரிபிரல் பால்சி பெரும்பாலும் பிரசவ நேரத் தவறால் வருவதில்லை. குறைப்பிரசவம், கர்ப்பகாலத் தொற்று, குழந்தையின் மூளையில் ஏற்படும் பக்கவாதம் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் தாமதம் நடந்தது என்று காட்டினால் மட்டும் வழக்கு நிற்காது, அந்தத் தாமதம்தான் மூளையைப் பாதித்தது என்றும் காட்ட வேண்டும். அதைச் சொல்ல மகப்பேறு நிபுணரும் குழந்தை நரம்பியல் நிபுணரும் வேண்டும், அதுவும் அந்த மருத்துவமனையோடு சம்பந்தமில்லாதவர்களாக.

சொத்துத் தகராறு பார்க்கும் குடும்ப வக்கீல் இதற்குச் சரிவரமாட்டார். பிரசவப் பாதிப்பு வழக்கு எத்தனை நடத்தினார், நிபுணர் கருத்துக்கு யார் பணம் கட்டுவது, தோற்றால் செலவு யார் தலையில், இதையெல்லாம் நேராகவே கேளுங்கள். கட்டணம் கட்ட முடியாவிட்டால் இலவச சட்ட உதவிக்குத் தகுதி உண்டா என்று விசாரியுங்கள். வழக்குப் போடக் காலக்கெடு உண்டு, அதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். தெரபியை மட்டும் வழக்குக்காக நிறுத்தி வைக்காதீர்கள், அந்த ரசீதுகளும் பின்னால் உதவும்.