வேறு பிராசசருக்கான ஓஎஸ்: எமுலேட்டரை எதுவரை நம்பலாம்?

கே: என்னுடையது இன்டெல் லேப்டாப். ஆர்ம் 64 பிராசசருக்கான டெபியனை (லினக்ஸ் ஓஎஸ்களில் ஒன்று) அதில் ஓட்டிப் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2003-ல் தொடங்கிய கியூஎமு என்ற எமுலேட்டர் (வேறு பிராசசரை மென்பொருளால் நடித்துக் காட்டும் நிரல்) போதும், இலவசம்தான். மெஷின் வகைக்கு 'விர்ட்' (எந்த நிஜ போர்டையும் சாராத பொது மெஷின்) கொடுங்கள். பிராசசரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள், கார்டெக்ஸ்-ஏ72 என்று. சொல்லாமல் விட்டால் 32 பிட் கார்டெக்ஸ்-ஏ15-ஐ எடுத்துக்கொள்ளும். 64 பிட் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) அதில் எழவே எழாது. ஓஎஸ்ஸை எழுப்பும் யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் கோப்பையும் நாமே காட்ட வேண்டும். திரை கறுப்பாகவே நின்றால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

கே: கேவிஎம்மை (உள்ளே ஓடும் ஓஎஸ்ஸை நேரடியாக நிஜப் பிராசசரிலேயே ஓட்டும் லினக்ஸ் வசதி) இயக்கினால் வேகம் கூடுமா?

கூடாது. உள்ளே ஓடுவதும் வெளியே இருப்பதும் ஒரே வகைப் பிராசசராக இருந்தால்தான் கேவிஎம் உதவும். இங்கே ஒவ்வொரு ஆணையும் மொழிபெயர்க்கப்பட்டுத்தான் ஓடுகிறது. அதனால் வேகத்தை அளக்க இது இடமே இல்லை.

கே: எமுலேட்டரில் நாள் முழுக்கப் பிசகாமல் ஓடும் என் டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்), நிஜ ஆர்ம் போர்டில் அவ்வப்போது தவறான டேட்டா தருகிறது. ஏன்?

உங்கள் கோடில்தான் பிழை இருக்க வேண்டும். எமுலேட்டர் அதை மறைத்துவிட்டது. பிராசசரின் ஒரு கோர் டேட்டாவை எழுதிவிட்டு 'தயார்' கொடியை 1 ஆக்குகிறது. இன்னொரு கோர் கொடியைப் பார்த்து டேட்டாவைப் படிக்கிறது. இன்டெல் பிராசசரில் இந்த இரண்டு எழுதுதலும் அதே வரிசையில்தான் மற்ற கோர்களுக்குத் தெரியும். ஆர்மில் அந்த உத்தரவாதம் கிடையாது: நடுவில் மெமரி பேரியர் (வரிசையைக் காக்கச் சொல்லும் ஆணை) இல்லாவிட்டால், கொடி புதிதாகவும் டேட்டா பழையதாகவும் தெரியலாம். உங்கள் ஆர்ம் கோட் கடைசியில் இன்டெல் மேல்தானே ஓடுகிறது, அதனால் இது அங்கே வெளிப்படுவது அபூர்வம்.

அப்புறம், கியூஎமு பிராசசரின் கேஷை (மெமரியின் நகலை வைத்திருக்கும் வேகமான சிறு நினைவகம்) அப்படியே நடித்துக் காட்டுவதில்லை. டிஎம்ஏ-வுக்கு (சாதனம் பிராசசரைத் தாண்டி நேரடியாக மெமரியைத் தொடுவது) முன் கேஷைச் சுத்தம் செய்ய மறந்திருந்தாலும் அதில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். பேரியரையும் கேஷையும் சோதிக்க நிஜ போர்டு வேண்டும், வேறு வழியில்லை.

கே: ரிஸ்க்-ஃபைவ் பிராசசருக்கான ஓஎஸ்ஸை ஓட்டுவது எப்படி?

இன்னும் சுலபம். அதற்குத் தேவையான ஃபர்ம்வேரான ஓப்பன்எஸ்பிஐ கியூஎமுவுடனே வருகிறது.

கே: பிக் எண்டியன் (எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும் முறை) சோதனைக்கு இன்றும் அவசியம் உண்டா?

உண்டு. ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களின் எஸ்390எக்ஸ் பிராசசர் வகையில் லினக்ஸ் இன்றும் ஓடுகிறது. 12345678 என்ற ஹெக்ஸ் எண்ணை அது மெமரியில் 12 34 56 78 என்று வைக்கும். நம் லேப்டாப் 78 56 34 12 என்று வைக்கும். வட்டிலோ நெட்வொர்க்கிலோ எண்ணை அப்படியே கொட்டும் கோட் அங்கே உடனே சிக்கும், அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில். மெயின்ஃப்ரேம் நம் கைக்கு எட்டாது. இதற்கு எமுலேட்டரைத் தயங்காமல் நம்புங்கள்.