கொளுத்தியவனுக்கு எதற்கு இரக்கம்?

கேள்வி: 1780 லண்டன் கலவரத்தில் நியூகேட் சிறையையே கொளுத்தினார்கள். அந்தக் கும்பலுக்கு பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க் கருணை கேட்டாராமே, பயந்துவிட்டாரா?

பதில்: பயந்தவர் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார். கத்தோலிக்கர்கள் மீதிருந்த தடைகளைக் கொஞ்சம் தளர்த்திய 1778 சட்டத்தை எதிர்த்துத்தான் அந்தக் கூட்டம் கிளம்பியது. அந்தச் சட்டத்துக்குத் துணைநின்றவர் பர்க், அதனால் அவர் வீட்டையும் குறிவைத்தார்கள், சிப்பாய்கள் வந்து காவல் காக்க வேண்டியிருந்தது. அந்த மனிதர்தான் அடுத்த மாதமே, ஊரின் ஆத்திரம் அடங்குவதற்குள், மேலிடத்துக்கு எழுதுகிறார்: மிஞ்சிப்போனால் ஆறு பேரை, ஒரே நாளில், வெவ்வேறு இடங்களில் தூக்கிலிடுங்கள், மற்றவர்களைச் சிறைக்கோ கடற்படைக்கோ அனுப்புங்கள் என்று. வரிசையாகத் தூக்கு நடந்துகொண்டே இருந்தால் பார்க்கிற ஜனங்களுக்கு நியாய உணர்வே அலுத்துப்போகும் என்பது அவர் வாதம். அவர்கள் குற்றமே செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள்.

கேட்டார்களா? இல்லை. ராணுவம் சுட்டதில் அரசுக் கணக்குப்படியே 285 பேர் செத்திருந்தார்கள், அதற்கு மேல் சுமார் 25 பேரைத் தூக்கில் போட்டார்கள். ஜூலை 11 அன்று டவர் ஹில்லில் தொங்கிய மூன்று பேரில் ஒருவர் கை இழந்த சிப்பாய், மற்ற இருவரும் பெண்கள்: மேரி ராபர்ட்ஸ், ஷார்லட் கார்டினர். ஷார்லட் கறுப்பினப் பெண். குற்றம், ஒரு மதுக்கடையை இடித்தது. கலவரத்தில் கட்டடத்தை இடித்தாலே சாவு என்பதுதான் அன்றைய கலகச் சட்டம்.

சரி, அந்த 1778 சட்டத்தை ரத்து செய்யச் சொல்லும் மனுவைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான பேரை நாடாளுமன்றத்துக்கு அழைத்துப்போய்க் கலவரத்துக்கு வழிவிட்ட ஜார்ஜ் கார்டன் பிரபு என்ன ஆனார்? தேசத்துரோக வழக்குப் போட்டார்கள், தாமஸ் எர்ஸ்கின் வாதாடினார், 1781 பிப்ரவரியில் விடுதலை. சட்டப்படி அது சரியான தீர்ப்பாகவே இருக்கட்டும். அவருக்குக் கிடைத்த வக்கீலும் எட்டு மாத அவகாசமும் ஷார்லட்டுக்கு எங்கே கிடைத்தன? கலவரம் ஓய்ந்து ஐந்து வாரத்துக்குள் அவர் கதை முடிந்துவிட்டது. அப்புறம் இதையும் கேளுங்கள்: லண்டனில் தூக்குப் போடுகிற எட்வர்ட் டென்னிஸே கலவரத்தில் சேர்ந்ததற்காக மரண தண்டனை பெற்றவர், தண்டனையை நிறுத்திவைத்தார்கள், அவர் பழைய வேலையையே தொடர்ந்தார். அவரை விட முடிந்ததென்றால் மேரியையும் ஷார்லட்டையும் விட்டிருக்க முடியாதா?

பர்க் மீது எனக்கு ஒரு குறை உண்டு, அது நீங்கள் சொல்கிற குறை இல்லை. ஆறு பேர் என்றாரே, அந்த ஆறு பேரும் எதற்கு?